சொல்லவில்லை, திருத்தினேன்

எழுத்துப் பிழையை வாசகர் மன்னித்துவிடுவார். சிலர் ரசிக்கவும் செய்வார்கள். எண் பிழை அப்படியல்ல. கால அட்டவணையில் ஆறு மணி வண்டி ஒன்பது மணி வண்டியாகிவிட்டால், ரயிலைத் தவறவிட்டவர் அச்சகத்தைத் தேடிக்கொண்டு வருவார். மருந்து அட்டையில் ஐந்து மில்லி ஐம்பது மில்லியாகிவிட்டால், தேடிக்கொண்டு வர ஆள் இருக்கமாட்டார். அதனால்தான் அந்த அச்சகத்தில் எண்களுக்கென்றே தனியாக ஒருவரை மெய்ப்புப் பார்க்க வைத்திருந்தார்கள். முப்பத்தொரு வருஷமாக அவர்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘திருத்தம்’. தலை நரைத்த பிறகு ‘திருத்தம் சார்’.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அச்சான தாளை உரக்க வாசிப்பார். அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். திருத்தம் மூலப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். ரேடியோ எண்களை இரண்டிரண்டாக வாசித்து, நடுவில் ஒரு சின்ன மூச்சு விடுவார். நாலு ஒன்று, மூச்சு, எட்டு பூஜ்யம், மூச்சு. தப்பு வந்த அதே நொடியில் திருத்தத்தின் வாயிலிருந்து “இல்ல, ஏழு” என்று வரும். தலை நிமிராது, குரல் உயராது. யோசித்துச் சொல்வதில்லை; தும்மல் போல அதுவாக வரும். ஒருமுறை பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ ஒரு பெண் போனில் யாருக்கோ வழித்தட எண்ணைத் தப்பாகச் சொல்ல, இவர் திரும்பிப் பார்க்காமலே “இல்ல, பதினாலு” என்றார். இறங்கும்வரை அந்தப் பெண் திட்டியதைக் கேட்டுக்கொண்டு வந்தார். அதே நிறுத்தத்தில் இறங்கி, திட்டியபடியே அவள் அடுத்து ஏறியது பதினாலில்தான் என்பது தனி விஷயம்.

பெருந்தொற்று வந்து அச்சகத்தை மூடினார்கள். பாதிச் சம்பளம். அவருடைய வாழ்க்கையில் முதன்முறையாகக் கால அட்டவணை ஒரு பிழைகூட இல்லாமல் இருந்தது, ஏனென்றால் ஒரு ரயிலும் ஓடவில்லை. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று இரண்டு தொழில் முளைத்தன: பொருள் வாங்குவது, பயப்படுவது. அவர் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் ஆறு வீடு. மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் பார்சல்கள் மருந்து தெளிக்கப்பட்டு மூன்று நாள் வெயில் காய்ந்தன. எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர் ஓடுகிற மெஷின் ஒன்று வாங்கினார். முதல் வாரம் அதன்மேல் அவர் ஓடினார். இரண்டாம் வாரத்திலிருந்து அவருடைய வேட்டிகள் காய்ந்தன.

திருத்தமும் கடைக்குப் போனார், தன் வழியில். தினமும் காலையில் காபி குடித்துவிட்டுப் போனில் கடையைத் திறப்பார். பிடித்ததையெல்லாம் கூடையில் போடுவார். நாற்பத்து மூன்று பொருள் சேர்ந்திருந்தது. கடைசிப் பொத்தானை மட்டும் அமுக்க மாட்டார். பணம் போகிற பாதையில் எத்தனை திருடர்கள் பதுங்கியிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்துப் படித்து, அவர்களில் பலரை நேரில் தெரிந்தவர் போலப் பேசுவார். ‘எந்த எண்ணையும் எவரிடமும் சொல்லாதே’ என்று தன் கையாலேயே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்.

வாங்கவில்லையே தவிர, படித்தார். வாளியின் உயரம் படத்தில் முப்பது, விவரத்தில் முப்பத்தாறு. இந்த மாதிரி எதையாவது கண்டுவிட்டால், வாடிக்கையாளர் கருத்து எழுதும் இடத்தில் திருத்தத்தை எழுதுவார். கீழே முழுப் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர். பெயர் போடாமல் எழுதுவது மொட்டைக் கடுதாசி அல்லவா என்பது அவர் கட்சி. உலகத்துத் திருடர்களுக்கெல்லாம் பயந்த மனிதர், தன் விலாசத்தை உலகத்துக்கே தெரிகிற சுவரில் இப்படி எழுதி வைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவியைத் தெரு முழுக்க ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடும், அவரும் அப்படியே. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷமாக இரண்டு காதும் கேட்காது. வலது காதில் ஒரு மெஷின், மீதிக்கு எதிராளியின் உதடு. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் சமாளித்ததில் பாதிப் பேருக்கு அவருக்குக் காது கேட்காது என்பதே தெரியாது.

அந்த வருஷம் காதுக்குப் பின்னால் மூன்று பொருள்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டன: கண்ணாடிக் காம்பு, காது மெஷின், முகக்கவசத்தின் ரப்பர். மருந்துக்கடை வாசலில் ஒரு நாள் டீச்சர் கவசத்தைக் கழற்றினார். ரப்பர் மெஷினைக் கொக்கி போட்டு இழுத்துச் சுண்டிவிட்டது. அது சாக்கடையில் போய் விழுந்தது. பார்சல் அட்டையைத் தொட்டால்கூட இருபது நொடி கை கழுவுகிற திருத்தம், முழங்கை வரை சாக்கடைக்குள் விட்டுத் துழாவினார். ஒரு பாட்டில் மூடிதான் கிடைத்தது.

மெஷின் போனது பாதி. மீதிப் பாதியை முகக்கவசம் தின்றது. ஊரில் ஒருவருக்கும் உதடு இல்லை. டீச்சர் யார் என்ன சொன்னாலும் தலையாட்ட ஆரம்பித்தார். அரைக் கிலோ வெங்காயத்துக்குப் போனவர் நாலு கிலோவோடு வந்தார்.

“எதுக்கு டீச்சர் இவ்வளவு?” என்று திருத்தம் கேட்டார்.

டீச்சர் தலையாட்டினார். வீட்டிலும் பிரச்சினைதான். சலூன் மூடியிருந்ததில் திருத்தத்தின் மீசை காடாக வளர்ந்து மேலுதட்டை மூடியிருந்தது. டீச்சரிடம் சொல்ல வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். பதிலை டீச்சர் வாயாலேயே சொல்வார்.

அப்படி ஒரு சாயங்காலம் அவர் சொன்னார்: “எனக்கு இந்த நோய் மேல ஒண்ணும் பயம் இல்லீங்க. அந்த வார்டு மேலதான் பயம். கூட யாரையும் விட மாட்டாங்களாம். வர்றவங்க எல்லாரும் தலையிலருந்து கால்வரைக்கும் மூடிட்டு வருவாங்களாம். என்ன கேக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்குத் தலையாட்டிட்டு இருப்பேன். தலையாட்டினதுக்கு என்ன ஊசி போடுவாங்களோ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திருத்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே காது மெஷின் கடைக்கு நடந்து போனார். கதவில் பூட்டும், பூட்டின்மேல் தூசியும் இருந்தன.

வெளியூரில் இருந்த மகள் போனில் சொன்னாள்: “அப்பா, நாப்பத்து மூணு சாமான் கூடையில போட்டு வெச்சிருக்கீங்க. நாப்பத்து நாலாவதா இதைப் போட்டு, இதையாவது வாங்குங்க. நானே வாங்கிடட்டுமா?”

“வேண்டாம். உன் கார்டை வெச்சு எவனாவது ஏதாவது பண்ணிடுவான். நான் பாத்துக்கறேன்.”

பார்த்தார். நல்ல மெஷின் ஒன்று கிடைத்தது. ஆனால் பேட்டரி எண்பது மணி நேரம் வரும் என்று விவரத்தில் இருந்தது, படத்தில் அறுபது. இதைப் பார்த்த பிறகு வாங்க அவரால் எப்படி முடியும்? திருத்தத்தை எழுதினார். ‘விளக்கம் வரும்வரை வாங்குவதற்கில்லை’ என்று முடித்து, பெயர், விலாசம், போன் நம்பர் போட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் விளக்கம் வந்தது. நல்ல குரல், அவசரமில்லாத குரல்.

“வணக்கம் சார். எங்க காது மெஷின் விவரத்துல பேட்டரி மணிக்கணக்கு தப்புன்னு எழுதினது நீங்கதானே?”

“ஆமா, நான்தான்.”

“ரொம்ப நன்றி சார். இத்தனை ஆயிரம் பேர் பாத்தாங்க. உங்க ஒருத்தர் கண்ணுக்குத்தான் பட்டுது.”

மெய்ப்புப் பார்ப்பவருக்கு நன்றி சொல்வது உலக வழக்கம் இல்லை. பிழை இருந்தால் பழி. இல்லாவிட்டால் அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் நன்றி இது. திருத்தம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த மெஷினை உங்களுக்குப் பாதி விலைக்குக் குடுக்கச் சொல்லி மேலிடத்துல சொல்லியிருக்காங்க சார்.”

“பாருங்க தம்பி, நான் எந்த நம்பரும் சொல்ல மாட்டேன். முதல்லயே சொல்லிட்டேன்.”

“சொல்லவே கூடாது சார். இந்தக் காலத்துல யாரையும் நம்பக் கூடாது. நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். எங்க பதிவுல இருக்கறதை நான் வாசிக்கறேன். சரியா இருக்கான்னு நீங்க பாத்துக்கிட்டா போதும்.”

இதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? திருத்தம் பர்ஸிலிருந்து கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், மூலப் பிரதியை வைத்துக்கொள்வது போல. அவன் வாசித்தான். இரண்டிரண்டாக. நடுவில் ஒரு சின்ன மூச்சு. கண்ணை மூடிக்கொண்டால் ரேடியோவேதான். முதல் நாலு எண் சரியாக இருந்தது. அந்த வங்கிக் கார்டு எல்லாவற்றுக்கும் அதே நாலுதான் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஐந்தாவது தப்பு.

“இல்ல, ஏழு.”

“ஏழு. மன்னிக்கணும் சார். அடுத்து ஒன்று, ஒன்பது...”

“இல்ல. ஒன்பது, ரெண்டு.”

பதினாறில் பன்னிரண்டு பிழை. கார்டு முடிகிற மாதம் தப்பு, வருஷம் தப்பு, பின்பக்கத்து மூன்று எண்ணும் தப்பு. திருத்தத்துக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு கேவலமான தாளை அவர் பார்த்ததே இல்லை. எதிர் நாற்காலியில் டீச்சர் எண் கட்டப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மீசை அசைவது தெரிந்தது, அதற்குள் என்ன ஓடுகிறது என்பது தெரியவில்லை. மறுபடி குனிந்துகொண்டார்.

“கடைசியா ஒண்ணு சார். இப்ப உங்க போனுக்கு ஒரு ஆறு எண் வந்திருக்கும். அதை எங்கிட்ட சொல்லிடாதீங்க. என் திரையில இருக்கறதை வாசிக்கறேன். நாலு ஒன்று, ஏழு பூஜ்யம், மூணு எட்டு.”

திருத்தம் போனைப் பார்த்தார். ஆறு எண்ணில் ஆறும் பிழை.

“என்ன கம்பெனி நடத்தறீங்க நீங்க? ஒண்ணுகூடச் சரியில்ல. எழுதிக்குங்க,” என்று ஆறையும் நிறுத்தி நிதானமாகத் திருத்திக் கொடுத்தார்.

“உங்கள மாதிரி ஒருத்தர் எங்ககிட்ட வேலைக்கு இருக்கணும் சார்,” என்றது குரல். அதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்த நிமிஷம் வங்கியிலிருந்து செய்தி வந்தது. சேமிப்பில் முக்கால்வாசி போயிருந்தது. அந்தச் செய்தியில் மட்டும் எல்லா எண்ணும் சரியாக இருந்தன.

இணையக் குற்றப் பிரிவுக்குப் போன் கிடைக்க நாற்பது நிமிஷம் பிடித்தது. எடுத்த அதிகாரிக்கு இது அன்றைக்கு எத்தனையாவது புகாரோ, அலுத்துப்போன குரல்.

“நம்பரைச் சொன்னீங்களா சார்?”

“சொல்லல.”

“சொல்லாம பணம் போகாதே.”

“சொல்லல. திருத்தினேன்.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. “அப்படி ஒரு கட்டம் எங்க படிவத்துல இல்ல சார். சொன்னாருன்னே போட்டுக்கறேன்,” என்றார் அதிகாரி. புகார் எண்ணைக் கொடுத்தார். திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார். திருத்தத்துக்கு முதன்முறையாக எண்ணைத் திரும்பச் சொல்லப் பயமாக இருந்தது.

டீச்சரிடம் மறைக்க முடியாது. காலண்டர் தாளில் நடந்ததை முழுக்க எழுதினார். ‘ஆறு எண்ணிலும் பிழை இருந்ததால் ஆறையும் திருத்தினேன்’ என்று முடித்து நீட்டினார். டீச்சர் இரண்டு முறை படித்தார். மேஜை இழுப்பறையிலிருந்து பழைய சிவப்புப் பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் 6/6 என்று போட்டு வட்டம் போட்டார். அப்புறம், “மீசை இல்லாம இருந்திருந்தா பாத்திருப்பேங்க,” என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து திருத்தம் திருந்திவிட்டார். ஃபிரிட்ஜ் கதவுத் தாளில் ‘சொல்லாதே’ என்பதன் கீழ் ‘திருத்தாதே’ என்று சேர்த்தார். கருத்து எழுதுவதை நிறுத்தினார். தெரியாத நம்பரிலிருந்து வந்தால் எடுப்பதில்லை. இன்சூரன்ஸ்காரர் படிக்கட்டில் நின்று, “சார், உங்க வீட்டுக்குத் தண்ணி எத்தனை மணிக்கு வருது?” என்று கேட்டதற்கு, “எதுக்குக் கேக்கறீங்க?” என்று கேட்டார்.

“குளிக்கத்தான் சார். வேற எதுக்குக் கேப்பாங்க?”

திருத்தம் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் இனி அப்பாவைக் கேட்பதில்லை என்று முடிவு பண்ணி, தன் கார்டில் அதே மெஷினை ஆர்டர் போட்டாள். விலாசம் அப்பாவுடையது, போன் நம்பரும் அப்பாவுடையது. “வியாழக்கிழமை வரும்பா. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம், கையை நீட்டி வாங்கிக்குங்க,” என்றாள். எல்லாவற்றையும் சொன்னவள் ஒன்றைச் சொல்லாமல் விட்டாள். அவளுக்கு அது பல் தேய்ப்பது மாதிரிப் பழகிப்போனது; சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பார்சல்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்ததால் இந்த வேலைக்கு வந்திருந்தார். வெள்ளைப் பெட்டியைக் கேட் தூண்மேல் வைத்து ஆறடி தள்ளி நின்றார். மாடி ஜன்னலில் டீச்சர் நின்றிருந்தார். பெட்டியில் ஒரு காதின் படம் போட்டிருந்தது மேலிருந்தே தெரிந்தது.

“சார், உங்க போனுக்கு ஒரு ஆறு எண் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க.”

திருத்தம் ஓரடி பின்வாங்கினார். போனைப் பார்த்தார். வந்திருந்தது.

“எதுக்கு?”

“இதுல அடிச்சாத்தான் சார் பெட்டியை உங்ககிட்ட விட முடியும்.”

“முதல்ல பெட்டியைக் குடுங்க.”

“நம்பர் இல்லாம குடுத்தா நான்தான் பணம் கட்டணும் சார். நம்பரைச் சொல்லிட்டு எடுத்துக்குங்க. பெட்டி இங்கதானே இருக்கு, எங்க ஓடப் போகுது?”

“உங்ககிட்ட என்ன நம்பர் இருக்கு?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? தெரிஞ்சா உங்களை எதுக்குக் கேக்கறேன்?”

“உங்களுக்கே தெரியாத நம்பரை, நான் சொன்னது சரின்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

பார்சல்காரர் கொஞ்சம் யோசித்தார். வேனில் இருபது வருஷம் பிள்ளைகளோடு மாரடித்தவர்; பொறுமைசாலி. “நியாயமான கேள்விதான் சார். ஆனா எனக்கு இன்னும் அறுபது வீடு இருக்கு,” என்றார்.

திருத்தம் மகளுக்குப் போன் போட்டார். அவள் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாம் தடவையும் போட்டார். செய்தியைத் திறந்து படித்தார். ‘பொருளைப் பெறும்போது மட்டும் இந்த எண்ணைச் சொல்லவும்’ என்று இருந்தது. பிழையே இல்லாத வாக்கியம். பிழையே இல்லாததுதான் இப்போது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அன்றைக்குப் பேசினவனும் இலக்கணமாகத்தான் பேசினான்.

மேலே நிமிர்ந்தார். டீச்சர் கையால் ‘வாங்குங்க’ என்று காட்டினார். திருத்தம் வாயைத் திறந்தார். முதல் எண் நாக்கு நுனியில் நின்றது. இன்னும் கால்வாசிச் சேமிப்பு வங்கியில் இருந்தது. டீச்சருக்கு ஏதாவது ஆனால் அதுதான். வாயை மூடிக்கொண்டார்.

“சாரி சார்,” என்று பார்சல்காரர் பெட்டியைப் பைக்குள் போட்டார். “நாளைக்கு ஒரு தடவை கொண்டு வருவேன். வீட்ல பேசி வைங்க.” வண்டி திரும்பி வளைவில் மறையும்வரை டீச்சர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “சொல்லக் கூடாத இடத்துல சொன்னீங்க. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லலை. இனிமே உங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்பா?” என்றாள். நாளைக்கு வந்தால் சொல்லிவிடுவது என்று முடிவானது. ஆறு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, சரிபார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பார்சல்காரர் வரவில்லை. வர முடியவில்லை. கடைசி வீட்டில் இருவருக்குத் தொற்று என்று காலை ஆறு மணிக்கே தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். பார்சல் ‘முகவரியை அடைய இயலவில்லை’ என்ற குறிப்போடு திரும்பிப் போனது.

நாலாம் நாள் டீச்சருக்குக் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. சுகாதாரத் துறைக்குப் போன் போட்டதில் மறுநாள் காலை வேன் வரும் என்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் திருத்தம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். மீசையை வெட்டினார், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது என்று மறுபக்கத்தையும் வெட்டி, கடைசியில் மொத்தமாக மழித்துவிட்டார். கேட்டில் நின்று அவர் சொல்வது டீச்சருக்குத் தெரிய வேண்டும். அப்புறம் ஒரு அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினார்: ‘எனக்குக் காது கேட்காது. எழுதிக் காட்டவும். படிப்பேன்.’ கீழே தன் போன் நம்பர்.

வேனிலிருந்து இறங்கிய இருவரும் வெள்ளைப் பை மாதிரி ஓர் உடுப்பால் உடம்பை முழுக்க மூடியிருந்தார்கள். கண் இருக்கும் இடத்தில் கண்ணாடி, கண்ணாடியில் மூச்சின் ஆவி. “சார், கவசம் போட்டுக்கிட்டு வெளில வாங்க. இல்லாட்டி உள்ளயே நில்லுங்க,” என்றார் ஒருவர். திருத்தம் கவசத்தைப் போட்டுக்கொண்டார். மழித்த உதடு அதற்குள் இருந்தது.

டீச்சர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார். “நம்பரைச் சரிபாத்தீங்களா?” என்று கேட்டார். திருத்தம் தலையாட்டினார். வேன்காரர் டீச்சரிடம் ஏதோ கேட்டார். டீச்சரும் தலையாட்டினார். கதவு சாத்தப்பட்டது.

வேன் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த அட்டையைச் சரிபார்த்ததாக அவருக்கு நினைவில்லை. எழுதினார், கொடுத்தார். வாசிக்க ஆள் இல்லை, மூலமும் இல்லை. தன் நம்பரை ஒரு தாளில் மறுபடி எழுதிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. அட்டையிலும் அப்படித்தான் வந்ததா என்பதை இந்தத் தாள் சொல்லாது.

மத்தியானம் மூன்று மணிக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஐந்து தடவை அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார்.

“சார், உங்க வீட்லருந்து வயசானவங்க ஒருத்தங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்களா?” பெண் குரல். பின்னால் ஏதோ சக்கரம் உருளும் சத்தம்.

“நீங்க யாரும்மா?”

“வார்டுலருந்து பேசறேன் சார். அவங்க அடையாள அட்டை நம்பர் வேணும். பதிவு பண்ணாத்தான் கட்டில் போட முடியும்.”

“அவங்ககிட்ட ஒரு அட்டை குடுத்தேனே. அதைப் பாத்துத்தான் கூப்பிடறீங்களா?”

“அட்டை எதுவும் என்கிட்ட வரலை சார். பையெல்லாம் வெளில வாங்கி வெச்சிடுவாங்க. உங்க நம்பர் வேன் குறிப்புல இருந்துது.”

“அடையாள அட்டை நம்பர் உங்ககிட்ட என்ன...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்வியின் பதில் அவருக்குத் தெரியும். “அவங்க எப்படி இருக்காங்க?”

“என்ன கேட்டாலும் தலையாட்டறாங்க சார். சர்க்கரை இருக்கான்னு கேட்டேன், ஆமாங்கறாங்க. இல்லையான்னு கேட்டேன், அதுக்கும் ஆமாங்கறாங்க. எனக்கு இன்னும் முப்பது பேர் நிக்கறாங்க. சீக்கிரம் சொல்லுங்க.”

“சர்க்கரை கிடையாதும்மா. அவங்களுக்குக் காது கேக்காது. எழுதிக் காட்டுங்க.”

“சரி சார். நம்பர்?”

திருத்தம் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தார். வயதானவர்கள் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். இந்தக் காலத்தில் எந்த வீட்டுக்குப் போன் போட்டு ‘உங்க வீட்லருந்து ஒருத்தங்க வந்திருக்காங்களா’ என்று கேட்டாலும் பாதிக்குப் பாதி பலிக்கும். சக்கரச் சத்தத்தைக்கூடச் செய்துவிடலாம். இதெல்லாம் அவருக்குத் தெரியும். டீச்சரின் அடையாள அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாசித்தார். இரண்டிரண்டாக, நடுவில் ஒரு மூச்சு விட்டு. வாழ்க்கையில் முதன்முறையாக ரேடியோவின் வேலையை அவர் செய்தார். முடித்ததும் அந்தப் பெண் திரும்பப் படித்துக் காட்டினாள். எட்டாவது எண்ணில் தடுக்கியது.

“இல்ல, ஏழு,” என்றார்.

“ஏழு. சரி சார்,” என்றாள். வைத்துவிட்டாள்.

ஒரு நிமிஷம் கழித்து அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டார். இந்த எண்ணுக்கு அழைப்புகள் வராது என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. ஆஸ்பத்திரி நம்பர்களும் அப்படித்தான் இருக்கும். மற்றவையும்தான். வங்கிச் செய்தி ஏதாவது வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. டீச்சருக்குக் கட்டில் கிடைத்தது என்றும் ஒரு செய்தி வரவில்லை. மழித்த உதட்டை விரலால் தடவிக்கொண்டு, எது முதலில் வரும் என்று போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.